படைகளின் வலையமைப்பு ஆறாம் பதிப்புக்கு மாறுவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், இராணுவத் தகவல்தொடர்பு வலையமைப்புகள் ஐபிவி4 என்னும் பழைய இணைய நெறிமுறையிலிருந்து (கணினிகளுக்கு முகவரி தந்து செய்திகளைக் கொண்டுசேர்க்கும் விதிமுறை) ஐபிவி6 என்னும் புதிய நெறிமுறைக்கு மாறிவருவதைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வெளியாகியிருந்தது. அதைப் படித்த காரைக்குடி வட்டார வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, நான் சிக்னல்ஸ் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மேலிடத்து உத்தரவு வந்துவிட்டால் மறுபேச்சில்லாமல் வேலை நடக்கும் இடம் இராணுவம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2003-இல் தொடங்கிய மாற்றம் இருபது ஆண்டுகளாகியும் முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உத்தரவு போட்ட பிறகும் இப்படி இழுபடுவது ஏன்?
*(ஓய்வுபெற்ற சுபேதார், தேவகோட்டை)*

பதில்: தங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல, இதே துறை ஒரு நெறிமுறை மாற்றத்தை ஒரே நாளில் செய்து முடித்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். இன்றைய இணையத்தின் தாய் வலையமைப்பான அர்பாநெட், 1983 ஜனவரி 1 அன்று அன்றைய பழைய நெறிமுறையைக் கைவிட்டு, ஐபிவி4 அடங்கிய டிசிபி/ஐபி நெறிமுறைக்கு மாறியது. அன்றைக்கு அதில் இணைந்திருந்தவை சில நூறு கணினிகள்தாம். அவற்றை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். மாறாதவர்களுக்கு இணைப்பு கிடைக்காது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. அதே ஆண்டில் படைத்துறைப் பகுதி மில்நெட் என்று தனியாகவும் பிரிந்தது.

இருபது ஆண்டு கழித்து, 2003 ஜூனில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இரண்டாவது மாற்றத்துக்கு உத்தரவிட்டது. 2003 அக்டோபர் முதல் வாங்கப்படும் கருவிகள் ஐபிவி6 அறிந்தவையாக இருக்க வேண்டும், 2008-க்குள் மாற்றம் நிறைவேற வேண்டும் என்பது இலக்கு. 2008-இல் வலையமைப்பின் முதுகெலும்பான முதன்மைப் பாதைகள் புதிய நெறிமுறையின் பொட்டலங்களை (சிறு துண்டுகளாக அனுப்பப்படும் தரவு) கடத்தவல்லவை என்று காட்டினார்கள். ஆனால் அந்தப் பாதைகளில் உண்மையான போக்குவரத்து வரவில்லை. பாதுகாப்பு அச்சமும், பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாத குறையும் சேர்ந்து அந்த முயற்சியை நிறுத்திவிட்டன. 2010-இல் தொடங்கிய அடுத்த முயற்சியும் பாதுகாப்புக் காரணத்தாலேயே விரைவில் நின்றது. மாற்றத்தை மறுபடி தொடங்குங்கள் என்று அத்துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2014 டிசம்பரில் எழுத வேண்டியிருந்தது. மூன்றாம் முயற்சி 2017-இல் தொடங்கியது. அதை ஆராய்ந்த அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம், எந்தெந்தக் கருவிகள் உள்ளன என்ற இருப்புப் பட்டியல், செலவு மதிப்பீடு, இடர் ஆய்வு ஆகிய மூன்றும் முடிக்கப்படவில்லை என்று 2020 ஜூனில் பதிவு செய்தது.

அந்தப் பட்டியலில் முதலாவதாக வரும் குறையில்தான் என் பார்வை நிற்கிறது. தன்னிடம் என்ன இருக்கிறது என்று எழுதி வைக்காத அமைப்புக்கு எதை மாற்றுவது என்பது தெரியாது. படைகளில் இது கூடுதல் கடினம். அலுவலகக் கணினி ஐந்தாறு ஆண்டில் மாற்றப்படும். ஒரு கப்பலோ, ராடாரோ, ஏவுகணைக் கட்டுப்பாட்டு அமைப்போ முப்பது ஆண்டு பணியில் இருக்கும். அதன் மென்பொருளுக்குள், முகவரி என்றால் ஐபிவி4-இன் 32 பிட் நீளம் (0 அல்லது 1 என்னும் இலக்கங்கள் 32) என்று எப்போதோ எழுதி முத்திரையிட்டிருப்பார்கள். அதைத் திருத்தினால், அந்த ஆயுத அமைப்பு முழுவதையும் மறுபடி சோதித்துச் சான்றளிக்க வேண்டும்.

இத்துடன், ஐபிவி4-உம் ஐபிவி6-உம் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ள மாட்டா. புதியது பழையதன் விரிவாக்கமாக வடிவமைக்கப்படவில்லை. ஆகவே, ஒரு முனையை மட்டும் மாற்றிவிட்டு மறுமுனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வழி அடைபட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே கருவியில் ஓட்டுவது, ஒன்றை மற்றொன்றுக்குள் பொதிந்து அனுப்புவது, இடையில் ஒரு மாற்றியை வைப்பது என்ற மூன்று இடைக்கால வழிகளே உள்ளன. மூன்றுக்கும் விலை உண்டு. முதல் இரண்டின் விலையைக் கீழே கோட்டையூர் ஆசிரியருக்கான பதிலில் சொல்கிறேன்.

படைப் போக்குவரத்தின் ஒவ்வொரு முக்கிய இணைப்பிலும் செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கக் கருவி ஒன்று நிற்கும் என்பது தங்களுக்குத் தெரியும். அந்தக் கருவி புதிய நெறிமுறையை அறியும்வரை, அதன் இரு பக்கத்திலும் உள்ள, பொட்டலங்களுக்கு வழிகாட்டும் ரவுட்டர்கள் எவ்வளவு புதியவையாக இருந்தாலும் பயனில்லை. அதைச் சோதித்து ஒப்புதல் தரும் அமைப்புகள் மெதுவாகத்தான் நகரும், நகரவும் வேண்டும்.

கடைசியாக ஒரு காரணம்: அவர்களுக்கு முகவரிப் பஞ்சம் உறைக்கவில்லை. இணையத்தை உருவாக்கிய காலத்திலேயே பெரிய தொகுதிகளைப் பெற்றுக்கொண்டதால், அத்துறையிடம் ஏறத்தாழ 30 கோடி ஐபிவி4 முகவரிகள் உள்ளன. அவற்றில் 6 கோடிக்குச் சற்றுக் குறைவானவை பயன்படுத்தப்படாமலே இருந்தன என்று 2020 அறிக்கை சொல்கிறது. உலகப் பொது இருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. கையில் இருப்பு வைத்திருந்தவர்களை மட்டும் அது சுடவில்லை.

கேள்வி: எங்கள் கல்லூரியில் எல்லாக் கணினிகளுக்கும் 10 என்று தொடங்கும் தனிப்பட்ட முகவரிகளே கொடுக்கப்பட்டுள்ளன, வெளியே செல்ல ஒரே ஒரு பொது முகவரி போதுமாக இருக்கிறது. இராணுவமும் அப்படியே செய்துகொள்ளலாமே? உள்ளிருக்கும் முகவரி வெளியே தெரியாமல் இருப்பது பாதுகாப்புக்கும் நல்லதுதானே?
*(முதுகலைக் கணினி அறிவியல் மாணவி, காரைக்குடி)*

பதில்: படைகளும் அப்படித்தான் செய்துவருகின்றன. சிக்கலும் அங்கேதான் முளைக்கிறது. 10 என்று தொடங்கும் முகவரிகளை யாரும் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று 1996-இல் வகுத்தார்கள். ஒரு படைப்பிரிவு 10.1 என்பதைத் தன் தலைமையகத்துக்கு வைத்திருக்கும். வேறொரு மாநிலத்தில் உள்ள மற்றொரு பிரிவும், விமானப்படைத் தளம் ஒன்றும் அதையே வைத்திருக்கும். தனித்தனியாக இருக்கும்வரை தொல்லையில்லை. முப்படைகளும் ஒரே நடவடிக்கையில் இறங்கி, மூன்று வலையமைப்புகளையும் அன்றிரவே இணைக்க வேண்டும் என்னும்போது, ஒரே முகவரியில் மூன்று வெவ்வேறு கணினிகள் நிற்கும். அப்போது ஒவ்வொரு எல்லையிலும் முகவரி மாற்றிகளை வைத்து, எது எதுவாக மாறும் என்ற அட்டவணைகளைப் பொறியாளர்கள் கையால் எழுதுவார்கள். அவசர நேரத்தில் அந்த அட்டவணையில் ஒரு வரி பிழைத்தாலும், பீரங்கிப் பிரிவுக்குச் செல்ல வேண்டிய செய்தி எங்கும் செல்லாமல் நிற்கும்.

ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். ஐபிவி6-இல் 128 பிட். 34-க்குப் பின்னால் 37 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணிக்கையைவிடச் சற்று அதிகம். இந்த எண்ணைச் சொல்லி வியப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். படைக்கு இதன் உண்மையான பயன், முகவரியை வரிசைமுறையோடு வகுக்க முடிவதுதான். நம் பக்கத்தில் ஒருவரை அறிய, எந்தக் கோயில், எந்தப் பிரிவு, எந்த ஊர், எந்த விலாசம் என்று கேட்டுக்கொண்டே போனால் ஆள் இன்னார் என்று துலங்கிவிடும் அல்லவா? அதைப்போல முகவரியின் முதற்பகுதி நாட்டின் படையையும், அடுத்தது கட்டளையகத்தையும், அதற்கடுத்தது படையணியையும், பின்னது தளத்தையும் குறிக்குமாறு வகுக்கலாம். ஒவ்வொரு சிறு உட்பிரிவுக்கும் 64 பிட் இடம் மிஞ்சும். ரவுட்டர்களின் அட்டவணை சுருங்கும். ஒரு படையணி முழுவதற்கும் ஒரே வரியில் விதி எழுத முடியும். இரண்டு வலையமைப்புகள் இணையும்போது மோதல் வராது.

முகவரியை மறைப்பது பாதுகாப்பு என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். முகவரி மாற்றி உள்ளே வரும் சில இணைப்புகளைத் தற்செயலாகத் தடுக்கிறது. தடுப்பது அதன் வேலையாக வகுக்கப்படவில்லை. அந்த வேலைக்கு ஃபயர்வால் இருக்கிறது, அது ஐபிவி6-இலும் அப்படியே இயங்கும். அதோடு, எல்லோரும் ஒரே முகவரியில் வெளியேறும் வலையமைப்பில் தவறு நடந்தால், எந்தக் கணினி செய்தது என்று கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

கேள்வி: ஐபிவி6-இல் மறையாக்கம் உள்ளேயே கட்டப்பட்டிருப்பதால் அது தானாகவே பாதுகாப்பானது என்று ஒரு கருத்தரங்கில் கேட்டேன். சரியா?
*(வணிகர், பள்ளத்தூர்)*

பதில்: சரியல்ல. ஐபிசெக் என்னும் மறையாக்க முறையை ஒவ்வொரு ஐபிவி6 கருவியும் ஆதரித்தே ஆக வேண்டும் என்று முதலில் விதித்திருந்தார்கள். 2011-இல் அந்தக் கட்டாயத்தைப் பரிந்துரையாகக் குறைத்துவிட்டார்கள். கட்டாயமாக இருந்த காலத்திலும், அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற விதி இருந்ததில்லை. அதே ஐபிசெக் ஐபிவி4-இலும் நன்றாகவே இயங்குகிறது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஐபிவி6-ஐ யாரும் இயக்கவில்லை. இயக்காத ஒன்றினால் ஆபத்து வராது என்பதால், அவசரமில்லை என்று காத்திருக்கிறோம். படைகளும் இப்படிக் காத்திருப்பதில் என்ன தவறு?
*(கணினி ஆசிரியர், கோட்டையூர்)*

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். தங்கள் நிறுவனத்தில் ஏதாவது ஒரு விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஐபிகான்ஃபிக் என்னும் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். தாங்கள் கொடுத்த பழைய முகவரிக்கு மேலே, எஃப்இ80 என்று தொடங்கும் நீளமான வரி ஒன்று இருக்கும். அது அந்தக் கணினி தானாகவே அமைத்துக்கொண்ட ஐபிவி6 முகவரி. 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டா பதிப்பு முதலே விண்டோஸில் ஐபிவி6 இயக்கப்பட்ட நிலையில்தான் வருகிறது. லினக்ஸ், ஆப்பிள் கணினிகளும் அப்படியே. யாரும் இயக்கவில்லை என்று தாங்கள் கருதும் நெறிமுறை, தங்கள் கூடத்தில் உள்ள எல்லாக் கணினிகளிலும் இந்த நேரத்திலும் விழித்திருக்கிறது.

அந்த விழிப்பு எதற்காக? ஒரு ரவுட்டர் வந்து, "நான்தான் இங்கே வழிகாட்டி, இந்த முகவரித் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அறிவிப்பதற்காக. இதற்கு ரவுட்டர் அறிவிப்பு என்று பெயர். ஐபிவி6 வலையமைப்பில் ஒரு கணினி தனக்கு முகவரி அமைத்துக்கொள்ளும் இயல்பான வழியே இதுதான். ஐபிவி4 மட்டுமே ஓடுகிறது என்று நம்பப்படும் அலுவலகத்தில், உள்ளே நுழைந்த ஒருவர் ஒரு மடிக்கணினியிலிருந்து இந்த அறிவிப்பை அனுப்பினால், அறையில் உள்ள மற்றக் கணினிகள் அதை ஏற்றுக்கொள்ளும். பல இயங்குதளங்கள் இரண்டு நெறிமுறையும் கிடைக்கும்போது ஐபிவி6-க்கே முன்னுரிமை தருவதால், அவற்றின் போக்குவரத்து அந்த மடிக்கணினி வழியாகத் திரும்பும். ஐபிவி4-ஐ மட்டும் பார்க்கும் ஃபயர்வாலும் ஊடுருவல் கண்டறியும் கருவியும் அமைதியாக இருக்கும். பதிவேட்டில் ஒரு வரியும் விழாது.

தடுப்பு இல்லாமல் இல்லை. முறையான ரவுட்டர் இணைந்திருக்கும் போர்ட்டைத் தவிர மற்றப் போர்ட்டுகளிலிருந்து வரும் அறிவிப்புகளை, கணினிகளை ஒன்றாக இணைக்கும் ஸ்விட்ச் கருவியே தள்ளிவிடும் வசதி, 2011-இல் ஆவணமாக்கப்பட்டது. ஆனால், ஐபிவி6 தன் வலையமைப்பில் இருக்கிறது என்று அறிந்த பொறியாளர்தான் அதை இயக்குவார். இல்லை என்று நினைப்பவருக்கு அந்த வசதியைத் தேடவே தோன்றாது.

படைகள் மாற்றத்தை நிறுத்தியதற்குப் பாதுகாப்பு அச்சத்தைக் காரணமாகச் சொன்னார்கள் என்று மேலே எழுதினேன். அச்சம் நியாயமானது, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு என்பது என் உறுதியான கருத்து. நெறிமுறையை அறியாததால் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்டதால் ஆட்கள் பயிற்சி பெறவில்லை. பயிற்சியில்லாததால் அடுத்த முயற்சியிலும் அதே அச்சம் எழுந்தது. அந்த ஆண்டுகள் முழுவதும் புதிய கணினிகள் வாங்கப்பட்டுக்கொண்டே இருந்தன, ஒவ்வொன்றிலும் ஐபிவி6 விழித்த நிலையிலேயே வந்துகொண்டிருந்தது.

அரைகுறையாக மாறி நிற்பதும் இதற்குக் குறையாத ஆபத்து. இரண்டு நெறிமுறையும் சேர்ந்து ஓடும் இரட்டை அடுக்கு முறையில், ஒவ்வொரு விதியையும் இரண்டு முறை எழுத வேண்டும். ஐபிவி4-இல் ஒரு சேவையை மூடிவிட்டு, ஐபிவி6 பக்கத்தில் மூட மறந்துபோவது மிக எளிதாக நடக்கும் பிழை. ஒன்றைப் பொதிந்து மற்றொன்றுக்குள் அனுப்பும் சுரங்கப் பாதைகளில், வெளியுறையை மட்டும் பார்க்கும் கருவிக்கு உள்ளே என்ன செல்கிறது என்று தெரியாது. ஆகவே இரட்டை அடுக்கு என்பது எத்தனை மாதம், எந்தத் தேதியில் பழையது அணைக்கப்படும் என்று நாள் குறித்துவிட்டே தொடங்கப்பட வேண்டும். 2020 நவம்பரில் அமெரிக்க அரசு வெளியிட்ட நெறிகாட்டுதல் இந்தப் பாடத்தை ஏற்றுக்கொண்டது. கருவிக்கு ஐபிவி4-உடன் ஐபிவி6-உம் தெரிந்தால் போதும் என்பதை அது இலக்காக வைக்கவில்லை. அரசு வலையமைப்புக் கருவிகளில் 2023 நிதியாண்டு முடிவில் 20 விழுக்காடு, 2024-இல் 50, 2025-இல் 80 விழுக்காடு ஐபிவி6-இல் மட்டுமே இயங்க வேண்டும் என்று விதித்தது.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய சிறிய விவரம் ஒன்று. ஐபிவி4 முகவரியை எழுத அதிக அளவு 15 இடம் போதும். ஐபிவி6-க்கு 39 வேண்டும். பதிவேடுகளிலும் தரவுத்தளங்களிலும் 15 இடம் மட்டும் ஒதுக்கியிருந்தால், புதிய முகவரி பாதியில் வெட்டுப்படும். மேலும், ஒரே முகவரியை 2001:4860:4860:0000:0000:0000:0000:8888 என்றும் 2001:4860:4860::8888 என்றும் எழுதலாம், இரண்டும் ஒன்றே. தாக்குதல் நடந்த இரவில் ஒருவர் ஒரு வடிவத்தைத் தேட, பதிவேட்டில் மற்ற வடிவம் இருந்தால், ஒன்றுமே நடக்கவில்லை என்ற விடைதான் கிடைக்கும். சுருக்கி எழுதுவதற்கு 2010-இல் ஒரே சீர்முறை வகுத்தார்கள். எல்லா மென்பொருளும் அதைக் கடைப்பிடிக்கிறதா என்று மாற்றத்துக்கு முன்பே சோதித்துவிட வேண்டும்.

கேள்வி: அமெச்சூர் வானொலியில் ஈடுபாடு உள்ளவன். போர்முனை வானொலியில் வேகம் மிகக் குறைவு. நீளமான முகவரி அதை மேலும் அடைத்துவிடாதா?
*(கானாடுகாத்தான்)*

பதில்: அடைக்கும், கணக்கிட்டே பார்க்கலாம். நேட்டோ நாடுகள் தரப்படுத்திய குரல் குறியாக்க முறையில் நொடிக்கு 2,400 பிட் போதும். அதில் 22.5 மில்லிநொடிப் பேச்சு 54 பிட்டில், அதாவது 7 பைட்டில் அடங்கிவிடும். அந்த 7 பைட்டைப் பொட்டலமாக அனுப்ப ஐபி, யுடிபி, ஆர்டிபி என்ற மூன்று நெறிமுறைகளின் தலைப்பகுதிகள் (முகவரி, வரிசை எண் போன்ற விவரங்கள்) முன்னால் சேர வேண்டும். ஐபிவி4-இல் இவை 20, 8, 12 என்று 40 பைட். ஐபிவி6-இல் 40, 8, 12 என்று 60 பைட். 7 பைட் குரலுக்கு 60 பைட் தலைப்பகுதி! இப்படிப்பட்ட 22.5 மில்லிநொடிப் பேச்சுத் துண்டுகள் மூன்றைச் சேர்த்து ஒரே பொட்டலமாக்கினாலும், 21 பைட் குரலுக்கு அதே 60.

தீர்வு, தலைப்பகுதியைச் சுருக்குவது. ஒரே உரையாடலில் அடுத்தடுத்து வரும் பொட்டலங்களின் தலைப்பகுதிகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும் என்பதால், மாறும் பகுதியை மட்டும் அனுப்பும் முறை 2001-இலேயே வகுக்கப்பட்டது. அதைக் கொண்டு 60 பைட்டைச் சில பைட்டுகளாகக் குறைக்க முடிகிறது. சுருக்கிய பிறகு நான்காம் பதிப்புக்கும் ஆறாம் பதிப்புக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு மிஞ்சாது. ஆனால் அந்த வசதி வானொலிக் கருவியிலேயே இருக்க வேண்டும். பிறகு சேர்க்கலாம் என்று விட்டுவிட்டு வாங்கக்கூடாது.

பொட்டல அளவில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐபிவி4-இல் வழியில் உள்ள ரவுட்டர், பெரிய பொட்டலத்தைத் துண்டாக்கி அனுப்பும். ஐபிவி6-இல் அனுப்பும் கணினி மட்டுமே துண்டாக்கலாம். வழியில் உள்ள ரவுட்டர், "பொட்டலம் மிகப் பெரிது" என்ற செய்தியைத் திருப்பி அனுப்பிவிட்டு அதைக் கைவிடும். படை வலையமைப்பில் நடுவே மறையாக்கக் கருவி நிற்கிறது. வெளிப்பக்கத்திலிருந்து எந்தச் செய்தியும் இரகசியப் பக்கத்துக்குள் நுழையக்கூடாது என்பதே அதன் அடிப்படை விதி. ஆகவே அந்த அறிவிப்பு அனுப்பியவரை எட்டாது. சிறிய செய்திகள் போய்ச் சேர, வரைபடம் போன்ற பெரிய கோப்புகள் மட்டும் காரணம் தெரியாமல் தொங்கும். இதற்கு, இரகசியப் பக்கத்தில் பொட்டல அளவை முன்கூட்டியே குறைத்து வைக்கிறார்கள். எந்த ஐபிவி6 இணைப்பும் குறைந்தது 1,280 பைட்டைத் தாங்க வேண்டும் என்பது விதியாதலால், மறையாக்கம் சேர்க்கும் கூடுதல் பைட்டுகளையும் எண்ணி அந்த அளவை முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: தம்பி, என் பேரன் எல்லையில் இருக்கிறான். வாரம் ஒருமுறை செல்பேசியில் பேசுவான். இந்தப் புது முகவரி ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அதை வைத்து அவன் எங்கே இருக்கிறான் என்று எதிரி கண்டுபிடித்துவிட முடியுமா?
*(ஓர் ஆச்சி, கண்டனூர்)*

பதில்: ஆச்சிக்கு வணக்கம். தாங்கள் கேட்டது, இந்த நெறிமுறையை வகுத்தவர்களையே திருத்தம் செய்ய வைத்த கேள்வி. தொடக்கத்தில் ஐபிவி6 முகவரியின் பின்பாதியை, கருவியின் வன்பொருள் எண்ணிலிருந்தே அமைத்தார்கள். அந்த எண் மாறாது. ஆகவே ஒரு கருவி ஊர் ஊராகச் சென்றாலும் பின்பாதி ஒன்றாகவே இருந்து, அது அதே கருவிதான் என்று காட்டிக்கொடுக்கும். இதைக் கண்டு, பின்பாதியை அடிக்கடி மாற்றிக்கொள்ளும் தற்காலிக முகவரி முறையைக் கொண்டுவந்தார்கள். இன்றைய செல்பேசிகள் வன்பொருள் எண்ணை இப்படி வெளிக்காட்டுவதில்லை. முகவரியின் முன்பாதி எந்த நிறுவனத்தின் சேவை என்பதைக் காட்டும். தங்கள் பேரன் எந்த எல்லைக் காவல் முனையில் நிற்கிறார் என்பதைக் காட்டாது.

அதைக் காட்டிக்கொடுக்கக் கூடியவை செயலிகள். ஓர் உடற்பயிற்சிச் செயலி, பயனர்கள் ஓடிய தடங்களை உலக வரைபடமாக வெளியிட்டிருந்தது. வெறும் பாலைவனத்தில் படைத்தளங்களின் சுற்றுப்பாதை அதில் ஒளிர்வதை 2018 ஜனவரியில் பலர் கண்டுபிடித்தார்கள். இருப்பிட அனுமதியை எந்தச் செயலிக்கும் கொடுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். பேசும்போது, இப்போது எங்கே இருக்கிறாய் என்று தாங்களும் கேட்க வேண்டாம்.

கேள்வி: நம் நாட்டின் நிலை என்ன?
*(ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், காரைக்குடி)*

பதில்: பொது இணையத்தில் நாம் முன்வரிசையில் இருக்கிறோம். தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையில் முதல் ஐபிவி6 செயல்திட்டத்தையும், 2013 மார்ச்சில் இரண்டாவதையும் வெளியிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ தன் வலையமைப்பைத் தொடக்கத்திலிருந்தே ஐபிவி6-இல் கட்டி இறங்கிய பிறகு, மற்ற நிறுவனங்களும் வேகம் எடுத்தன. இன்று கூகுளின் அளவீட்டில், இந்தியப் பயனர்களில் பாதிக்கு மேற்பட்டோர் புதிய நெறிமுறை வழியாகவே வருகிறார்கள்.

படைகளைப் பொறுத்தவரை, இணைய நெறிமுறையில் இயங்கும் பெரிய வலையமைப்புகள் அண்மைக் காலத்தவை. விமானப்படையின் ஏஎஃப்நெட் 2010 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. முப்படைகளையும் இணைக்கும் பாதுகாப்புத் தகவல்தொடர்பு வலையமைப்பு 2016 ஜூன் 30 அன்று தொடங்கப்பட்டது. படைகள் விட்டுக்கொடுத்த அலைக்கற்றைக்கு ஈடாக பிஎஸ்என்எல் அமைக்கும் தனிக் கண்ணாடியிழை வலையமைப்புக்கு, 2018-இல் உயர்த்தப்பட்ட மொத்த ஒதுக்கீடு 24,664 கோடி ரூபாய். 1911-இல் தோன்றிய சிக்னல்ஸ் படைப்பிரிவு தந்தி காலத்திலிருந்து இந்தக் கண்ணாடியிழை வரை வந்திருக்கிறது. அமெரிக்கர்களுக்குச் சுமையாக இருக்கும் அளவுக்குப் பழைய இருப்பு நமக்கு இல்லை என்பது ஓர் அனுகூலம். உலகின் மிகப் பெரிய ஐபிவி6 செல்பேசி வலையமைப்புகளை நாள்தோறும் நடத்தும் பொறியாளர்கள் இங்கேயே இருப்பது அதைவிடப் பெரிய அனுகூலம்; அவர்களை அழைத்துச் சிக்னல்ஸ் பயிற்சிக் கூடங்களில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வாங்கும் கருவிகளில் ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். "ஐபிவி6-க்குத் தயார்" என்ற அட்டையை நம்பி வாங்கக்கூடாது. ஐபிவி4-ஐ முழுவதுமாக அணைத்துவிட்டு, அந்தக் கருவி தொடங்குகிறதா, மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்கிறதா, பதிவுகளை அனுப்புகிறதா, மேலாண்மைத் திரை திறக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். தரவைப் புதிய நெறிமுறையில் கடத்திக்கொண்டே, தன்னை நிர்வகிக்க மட்டும் பழைய முகவரியைக் கேட்கும் கருவிகள் பல உண்டு.

கேள்வி: பொறியியல் படிப்பை முடித்துச் சிக்னல்ஸ் பிரிவில் சேர விரும்புகிறேன். ஐபிவி6-ஐ எங்கிருந்து தொடங்கிப் படிக்கலாம்?
*(மூன்றாம் ஆண்டு மாணவர், காரைக்குடி)*

பதில்: செலவில்லாமல் தொடங்கலாம். இரண்டு பழைய மடிக்கணினிகளில் லினக்ஸை நிறுவி, ஒரு ஸ்விட்ச் வழியாக இணையுங்கள். ஒன்றில், வலையமைப்பில் செல்லும் பொட்டலங்களைத் திரையில் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓடவிட்டு, மற்றொன்றை அணைத்து மறுபடி இயக்குங்கள். ஐபிவி6 கருவிகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் ஐசிஎம்பிவி6 என்னும் அறிவிப்புச் செய்திகளில் 133 முதல் 136 வரையிலான எண்கள் எந்த வரிசையில் வருகின்றன, எது கேள்வி, எது விடை என்று திரையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நான்கும் விளங்கிவிட்டால் பாதி நெறிமுறை விளங்கிவிடும். 134 என்பது ரவுட்டர் அறிவிப்பு; ரவுட்டர் இல்லாதபோது அது வராது. பிறகு ஒரு கணினியையே ரவுட்டராக அமைத்து அதை வரவழைத்துப் பாருங்கள். மேலே கோட்டையூர் ஆசிரியருக்குச் சொன்ன தாக்குதல் இதே செய்தியைக் கொண்டுதான் நடக்கிறது என்பதால், அதைத் தங்கள் சொந்த ஆய்வகத்துக்குள் மட்டுமே செய்யுங்கள். கல்லூரி வலையமைப்பில் செய்யவே கூடாது.

அடுத்த படிக்கு மூன்றாவது கணினி ஒன்று வேண்டும். அதை நடுவில் ரவுட்டராக வைத்து, அந்த ரவுட்டரில் மட்டும், பெறும் கணினியை நோக்கிய இணைப்பின் பொட்டல அளவை 1,280 பைட்டாகக் குறையுங்கள். அனுப்பும் கணினியின் ஃபயர்வாலில் 2 என்ற எண்ணுள்ள ஐசிஎம்பிவி6 செய்தியை (மேலே சொன்ன "பொட்டலம் மிகப் பெரிது" என்பது) தடுத்துவிட்டு, முதலில் ஒரு வரி உரையையும் பிறகு ஒரு பெரிய படக்கோப்பையும் அனுப்புங்கள். உரை போய்ச்சேர்ந்து படம் தொங்கும். தடையை நீக்கியதும் படமும் போகும். அந்த இரண்டு நிலைகளின் வயர்ஷார்க் பதிவையும் சேமித்து, அருகருகே வைத்துப் படியுங்கள்.